புழுங்கும் இரவுகளும் ஏறும் மின்தேவையும்

2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாடு ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவழித்தது. இரண்டு நாள் கழித்து, மே 2 அன்று, மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இந்த எண்களில் ஆலைகள், பம்புசெட்டுகள், கடைகள் எல்லாம் அடக்கம். ஆனால் ஆலையின் மோட்டார் மார்கழியிலும் சித்திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். வெயிலோடு ஏறி மழையோடு இறங்கும் பங்கில் பெரும்பகுதி வீடுகளுடையது.

அந்தப் பங்கு வரும் ஆண்டுகளில் எப்படி வளரும்? சராசரி வெப்பநிலை இத்தனை டிகிரி கூடும் என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரவு எவ்வளவு ஆறுகிறது, காற்றில் ஈரம் எவ்வளவு, எத்தனை வீடுகள் தங்கள் முதல் ஏசியை வாங்குகின்றன என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். பொதுப் பேச்சில் பகல் உச்ச வெயிலுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இந்த மூன்றுக்கும் கிடைப்பதில்லை.

வெப்பநிலையும் யூனிட்டும்

குளிர் நாடுகளில் வெப்பநிலைக்கு எதிராக மின்தேவையை வரைந்தால் கோடு இருபுறமும் ஏறும். குளிரில் ஹீட்டர், கோடையில் ஏசி. சென்னையில் இடப்பக்க ஏற்றம் கிடையாது. மார்கழிக் காலையில் கீசர் கொஞ்ச நேரம் ஓடுவதோடு சரி. நாள் சராசரி 24, 25 டிகிரி செல்சியஸ் வரை கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், அதைத் தாண்டினால் செங்குத்தாக ஏறத் தொடங்கும். இந்தியாவின் மொத்த மின்தேவையும் 25 டிகிரியைத் தாண்டியதும் சட்டென்று ஏறுகிறது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2023இல் குறிப்பிட்டது. நாட்டின் மின் நுகர்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடங்களைக் குளிர்விக்கவே போகிறது என்பதும் அதன் கணிப்பு.

இந்த ஏற்றத்தை அளக்கத் துறையினர் பயன்படுத்துவது ‘குளிரூட்டல் டிகிரி நாள்’ என்ற அளவு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 24 போன்ற ஓர் அடிப்படை அளவைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருப்பது அந்த நாளின் கணக்கு. சராசரி 33 டிகிரி இருக்கும் மே மாத நாளுக்கு 9, சராசரி 25 இருக்கும் ஜனவரி நாளுக்கு 1. இப்போது எல்லா நாளும் ஒரு டிகிரி கூடுகிறது என்று வையுங்கள். மே நாளின் கணக்கு 9இலிருந்து 10 ஆகும், அதாவது 11 சதவீத உயர்வு. ஜனவரி நாளின் கணக்கு 1இலிருந்து 2 ஆகும், இரு மடங்கு.

மே மாதம் எப்படியும் ஏசி ஓடும். வெப்பம் கூடும்போது மார்ச், செப்டம்பர், அக்டோபர் இரவுகளும் ஏசி இரவுகளாக மாறுகின்றன என்பதே இந்தக் கணக்கு காட்டும் உண்மை. கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கம் சொல்லும். மின் மீட்டருக்கு அந்த எல்லை தெரியாது. ஆண்டு மொத்த யூனிட்டைப் பெருக்குவது பருவத்தின் இந்த நீட்சிதான்.

ராத்திரி ஆறாத வீடு

புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. கரிம உமிழ்வு கட்டுப்படாமல் போனால், 1976 முதல் 2005 வரையிலான காலத்தோடு ஒப்பிடும்போது, இந்த நூற்றாண்டின் இறுதியில் வெப்பமான பகல்கள் 55 சதவீதமும் வெப்பமான இரவுகள் 70 சதவீதமும் கூடும் என்கிறது அதே மதிப்பீடு. இரவுகள் பகல்களை முந்துகின்றன. வீட்டு மின்தேவையைப் பொறுத்தவரை அந்த ஆவணத்தில் இதைவிட முக்கியமான வரி வேறில்லை.

காரணம் எளிது. பகலில் பலர் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள், வீட்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் மின்விசிறியோடு ஓட்டிவிடுகிறார்கள். படுக்கையறை ஏசி ஓடுவது ஒன்பதரை மணியிலிருந்து விடியும் வரை. குறைந்தபட்ச வெப்பநிலை 26 டிகிரிக்கு இறங்கும் ஊரில் இரண்டு மணிக்கு எழுந்து ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம். 29க்குக் கீழே இறங்காத இரவில் அது நடக்காது. கான்கிரீட்டும் தாரும் நெருங்கி, மரமும் ஏரியும் குறைந்த நகர்ப்பகுதிகளில் பகலில் வாங்கிய சூடு இரவில் மெல்லத்தான் வெளியேறும். வானிலை நிலையத்தின் அளவு இப்படிப்பட்ட தெருக்களின் இரவு வெப்பத்தைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும்.

வீட்டின் தளமும் இதில் பங்காளி. ஆறு அங்குல கான்கிரீட் தளத்தின் வழியாக வெப்பம் கீழே இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகும். பிற்பகல் ஒரு மணி வெயில், மாலை ஆறு மணிக்குமேல் உட்கூரையைச் சுடுகிறது, சூடு நள்ளிரவு வரை தங்குகிறது. மேல்மாடி வீட்டுக்காரர்கள் ராத்திரியில்தான் அதிகம் புழுங்குவது இதனால்தான். கணக்காகவே பார்க்கலாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரைப் பரப்பு 13.4 சதுர மீட்டர். வெறும் கான்கிரீட் தளம், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 3.3 வாட் வெப்பத்தைக் கடத்தும். வெயிலில் காய்ந்த மேற்பரப்பின் விளைவையும் சேர்த்து வேறுபாடு 35 டிகிரி என்று கொண்டால், அறைக்குள் இறங்குவது 1,500 வாட் வெப்பம். வீடுகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிநூல் 2018இல் கூரைக்கு வைத்த உச்ச வரம்பு 1.2 வாட். அதற்குள் கட்டியிருந்தால் அதே அறைக்குள் இறங்குவது 560 வாட்தான். ஒன்றரை டன் ஏசியின் முழுத் திறன் சுமார் 5,270 வாட். அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், காப்பில்லாத தளம் ஒன்றுக்காகவே கூடுதலாகச் செலவாகிறது. மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால் மேற்பரப்புச் சூடு குறையும், வேறுபாடு 35இலிருந்து இறங்கும். ஆனால் தூசி படிந்த வெள்ளை, வெள்ளையாக வேலை செய்யாது. கோடைக்கு முன்னால் ஒருமுறை கழுவிவிட்டால்தான் பலன் நிற்கும்.

ஈரத்தின் சுமை

கடலோர ஊர்களில் தெர்மாமீட்டரை மட்டும் வைத்துச் செய்யும் கணிப்புகள் தவறும் இடம் ஈரப்பதம். வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். உள்ளே 26 டிகிரி, 55 சதவீதம். கதவிடுக்கு வழியாக ஒரு கிலோ வெளிக்காற்று அறைக்குள் வருகிறது. அதன் சூட்டை 6 டிகிரி இறக்க ஏசி எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 6 கிலோஜூல். அதிலிருக்கும் 11 கிராம் கூடுதல் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்ற 27 கிலோஜூல். ஐந்தில் நான்கு பங்கு வேலை, தெர்மாமீட்டரில் தெரியாத வேலை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். கடல் அருகில் இருக்கும்போது அந்த ஈரம் வந்தும் சேர்ந்துவிடும்.

உள்மாவட்டங்களில் இதற்கு வேறொரு முகம் உண்டு. கரூர், சேலம், வேலூர்ப் பக்கம் வறண்ட கோடையில் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. அது எடுப்பது 150, 200 வாட்தான். காற்றில் ஈரம் ஏறினால் பஞ்சில் தண்ணீர் ஆவியாவது குறையும், கூலர் ஈரக்காற்றைத்தான் வீசும். அந்த வீடு ஏசிக்கு மாறும்போது அதன் இரவுச் சுமை பல மடங்காகிறது. வெப்பநிலைக் கோடு அசையாமலேயே ஒரு மாவட்டத்தின் மின்தேவை இப்படி ஏற முடியும்.

இயந்திரத்துக்கும் வெயில் உறைக்கும்

ஏசி குளிரை உருவாக்குவதில்லை, வெப்பத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது. தள்ள வேண்டிய இடம் சூடாக இருந்தால் கம்ப்ரசர் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிவெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது இயந்திரத்தின் திறன் தோராயமாக 2 முதல் 3 சதவீதம் இறங்கும். அதே ஒரு டிகிரி, சுவர் வழியாக வரும் சுமையையும் கூட்டும். இரவு வெளியே 30, உள்ளே 25 என்றால் வேறுபாடு 5. வெளியே 31 ஆனால் வேறுபாடு 6, சுவர்ச் சுமை 20 சதவீதம் ஏறும். உடல் சூடு, ஈரம் போன்ற மற்ற சுமைகள் அந்த அளவுக்கு மாறாததால், எல்லாம் சேர்ந்து ஓடும் ஏசியின் செலவு ஒரு டிகிரிக்குப் பத்து சதவீதம் பக்கம் கூடும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

அடுக்குமாடிகளில் இது இன்னும் மோசமாகிறது. குறுகிய வெளிச்சக் கிணற்றுக்குள் ஏழெட்டு வெளிப்புற யூனிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால், கீழே உள்ளது தள்ளும் சூட்டை மேலே உள்ளது உறிஞ்சும். ஊர் 32 டிகிரியில் இருக்க, மேல்மாடி யூனிட் 40 டிகிரிக்கு மேல் திணறும். ஏசி கூல் ஆகவில்லை என்று கேஸ் நிரப்பச் சொல்லும் புகார்கள் பலவற்றில், உண்மையான கோளாறு, வெளிப்புற யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் அடைத்துக் கிடப்பதோ இந்த இடநெருக்கடியோதான். முன்பக்கம் தடையின்றி, பக்கங்களில் ஓர் அடியாவது இடம்விட்டு மாட்டுவதும், கோடை தொடங்கும்முன் கண்டென்சரைத் தண்ணீரால் கழுவுவதும் செலவில்லாத சேமிப்பு.

நட்சத்திரக் குறியீட்டையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி ஸ்பிளிட் ஏசியில் மூன்று நட்சத்திரத்துக்குப் பருவத் திறன் விகிதம் (பருவம் முழுக்க எடுக்கும் வெப்பத்துக்கும் செலவாகும் மின்சாரத்துக்கும் உள்ள விகிதம்) குறைந்தது 3.8, ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்தது 5.0 என்று இருந்தது. லேபிளில் அச்சாகும் ஆண்டு யூனிட், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. இரவு எட்டு மணி நேரம் வீதம் அது 200 இரவுகள். இரவெல்லாம் ஏசி ஓடி, பருவமும் நீளும் சென்னை வீட்டுக்கு அது போதாது. ஓடும் நேரம் கூடக்கூட ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுத்த கூடுதல் விலை விரைவில் திரும்பும்.

முதல் ஏசி

மேலே சொன்ன பத்து சதவீதத்தைவிடப் பெரிய விசை ஒன்று உண்டு. 10 லட்சம் ஏசிகள் இரவு பதினொரு மணிக்குச் சராசரியாக 0.6 கிலோவாட் எடுக்கின்றன என்று கொள்வோம், மொத்தம் 600 மெகாவாட். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அதில் 60 மெகாவாட் கூடும். அதே வெப்ப அலையைத் தாங்காமல் இன்னும் 10 லட்சம் வீடுகள் புதிதாக ஏசி வாங்கினால் கூடுவது 600 மெகாவாட். பத்து மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, வாங்கிய ஏசி திரும்பப் போகாது. மே மாதத்தில் இரண்டு வாரம் தூங்க முடியாமல் தவணையில் வாங்கிய இயந்திரம், அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே ஓடும், மிதமான கோடையிலும் ஓடும். ஒரு கொடும் கோடை, பின்வரும் பத்தாண்டுத் தேவையின் அடித்தளத்தையே உயர்த்திவிடுகிறது. 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டில் 2017–18இல் 8 சதவீத வீடுகளில் இருந்த ஏசி 2027–28இல் 21 சதவீதத்தையும் 2037–38இல் 40 சதவீதத்தையும் எட்டும் என்று கணித்தது. வருமானமும் வெப்பமும் சேர்ந்து தள்ளும் வளர்ச்சி இது. முதியோரும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளுக்கு இரவு வெப்பம் உயிர் ஆபத்து. அவர்கள் ஏசி வாங்குவதைக் குறை சொல்வது தவறு. அந்த ஏசி குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும்படி வீட்டைக் கட்டாததுதான் நம் குறை.

இரண்டு மாத பில்

ஒரு நடுத்தர வீட்டை எடுப்போம். ஃபிரிட்ஜ் நாளுக்கு 1.25 யூனிட், 60 நாளுக்கு 75. பழைய 75 வாட் மின்விசிறி மூன்று, நாளுக்குப் 14 மணி நேரம், 190 யூனிட். விளக்கு, டிவி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் சேர்த்து 90. மொத்தம் 355. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீதப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். பில் சுமார் 923 ரூபாய்.

இதே வீட்டில் இரவு 8 மணி நேரம், மணிக்கு 0.65 யூனிட் வீதம் ஏசி ஓடினால் 312 யூனிட் சேர்ந்து 667 ஆகும். 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கான 2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறு 6, அதற்கடுத்த நூறு 8, அதன்மேல் 800 வரை 9 ரூபாய். பில் 3,353. யூனிட் இரு மடங்குகூட ஆகவில்லை, பில் மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. பிறகு வந்த உயர்வுகளில் வீதங்கள் மாறினாலும், அடுக்கடுக்காக ஏறும் முறை இப்படித்தான் வேலை செய்கிறது. வெப்பத்தால் கூடும் யூனிட் எப்போதும் உச்சிப் படியில்தான் விழும். சூடான ஆண்டில் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடி, ஓடும் மின்செலவும் 8 சதவீதம் கூடினால், சேரும் 67 யூனிட்டும் 9 ரூபாய் வீதத்தில் 603 ரூபாய்.

அதே காரணத்தால் சேமிப்பும் உச்சிப் படியில்தான் கழியும். மூன்று பழைய மின்விசிறிகளை 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) விசிறிகளாக மாற்றினால் இரண்டு மாதத்தில் 113 யூனிட் குறையும். 667 யூனிட் வீட்டுக்கு அது 970 ரூபாய். விசிறியோடு சேர்த்து ஏசியை 26, 27இல் வைப்பது இன்னொரு வழி. உடம்பின்மேல் ஓடும் காற்று இரண்டு டிகிரி குளிர்ச்சியை உணரவைக்கும், வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் அளவு. 2020 முதல் புதிய ஏசிகள் 24இல் தொடங்கும்படி அமைக்கப்பட்டதும் இதற்காகவே. ஆனால் புழுக்கமான இரவில், சுமைக்கேற்ப வேகம் மாற்றும் இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஓடும்போது காயில் போதிய அளவு குளிராமல் ஈரத்தைச் சரியாக எடுக்காது. அறை 26இல் இருந்தும் பிசுபிசுக்கும், கை ரிமோட்டுக்குப் போய் 22 ஆக்கிவிடும். அப்போது 22க்குப் பதிலாக, ஈரத்தை எடுக்கும் டிரை மோடில் அரைமணி ஓட்டிப் பார்க்கலாம்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்

மின்நிலையத்தில் பற்றாக்குறை இல்லாத இரவிலும் தெருவில் கரண்டு போகிறதே என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. 100 கேவிஏ (அது தாங்கும் சுமையின் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின்கீழ் 60 வீடுகள், வீட்டுக்கு ஒரு கிலோவாட் என்று 60 கிலோவாட். பழைய கணக்கில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் முழுச் சுமை எடுக்காது என்ற நம்பிக்கை உண்டு. ஒருவர் மோட்டார் போடும்போது இன்னொருவர் மிக்ஸி போடுவதில்லை. ஏசி அந்த நம்பிக்கையை உடைக்கிறது, பதினொரு மணிக்கு எல்லாப் படுக்கையறையும் ஒன்றாக ஓடும். முழு வேகத்தில் தலா ஒரு கிலோவாட் எடுக்கும் 40 ஏசி சேர்ந்தால் 100 கிலோவாட், திறன் காரணி (இழுக்கும் சுமையில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.9 என்றால் 111 கேவிஏ.

அந்த வீடுகள் ஒற்றை பேஸ் இணைப்புகள் என்றால், ஏசிகள் மூன்று பேஸிலும் சமமாகப் பிரிந்திருக்காது. அதிகம் சேர்ந்த பேஸில் ஃபியூஸ் போகும், எதிர்வரிசை வீடுகளில் வெளிச்சம் இருக்கும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 190க்கு இறங்கினால் இன்வெர்ட்டர் ஏசி அதே வாட்டை எடுக்கக் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், கம்பியில் இழப்பு 46 சதவீதம் ஏறும், அழுத்தம் இன்னும் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காகிதக் காப்பு, மிகச் சூடான இடத்தில் ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் இரு மடங்கு வேகத்தில் மூப்படையும். முன்பெல்லாம் பின்னிரவில் சுமையும் இறங்கி, காற்றும் குளிர்ந்து அதற்கு ஓய்வு கிடைத்தது. ஆறாத இரவு அந்த ஓய்வைப் பறிக்கிறது.

உற்பத்திப் பக்கத்திலும் நேரம் ஒத்துவருவதில்லை. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் உண்டு. ஆனால் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் காற்று வலுப்பது மே இறுதிக்குமேல்தான். ஏப்ரல் இரவில் காற்றும் குறைவு, சூரியனும் இல்லை. வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு நான்கு யூனிட் தந்து பில்லைக் குறைக்கும். பதினொரு மணிச் சுமையை அது குறைக்காது, அதற்குப் பேட்டரி வேண்டும்.

கணிப்பு எங்கே பிசகுகிறது

மின்வாரியத் தரவை நேராக எடுத்து வெப்பநிலையோடு பொருத்துவோர் சில இடங்களில் வழுக்குவார்கள். முதலாவது, இரண்டு மாத ரீடிங். மே நடுவில் எடுத்த ரீடிங்கில் மார்ச் நடுப்பகுதியும் கலந்திருக்கும், தெருவுக்குத் தெரு தேதியும் வேறு. அதை மாத வெப்பநிலையோடு ஒப்பிட்டால் விளைவு மழுங்கித்தான் தெரியும். ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் மின்பாதை) அளவிலான மணிவாரிச் சுமை இல்லாமல் இதைத் தெளிவாகப் பார்க்க முடியாது. இரண்டாவது, பழைய ஆண்டுகளின் எண்கள். கடும் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில் பதிவானது மக்கள் கேட்ட அளவு கிடையாது, கிடைத்த அளவு. 2016 மே மாதம் வந்த 100 யூனிட் இலவசம், 2020 ஊரடங்கு, 2022 கட்டண உயர்வு ஆகியவையும் தனித்தனியாகக் கோட்டை அசைத்தவை. இவற்றைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் வெயிலின் கணக்கில் எழுதக் கூடாது.

மாறிகளில் அதிகபட்ச வெப்பநிலைக்குப் பதிலாகக் குறைந்தபட்ச வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) இருந்தால் சென்னை போன்ற ஊருக்குப் பொருத்தம் கூடும். முந்தைய இரண்டு மூன்று நாட்களின் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும், சுவர் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஏசி உள்ள வீடுகளின் விகிதத்தை மின்வாரிய வட்டம் வட்டமாகக் கணக்கெடுக்காமல், தேவை ஏறிய பத்தாண்டுக்கு முந்தைய வேகத்தை 2035க்கு நீட்டினால் விடை பெரிதும் குறைவாக வரும்.

கடைசியாகக் கடற்காற்று. சென்னையில் அது பதினொரு மணிக்கு நுழைந்தால் ஒரு நாள், மூன்று மணிக்கு நுழைந்தால் வேறொரு நாள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, அங்கே வெப்பம் எவ்வளவு ஏற முடியும் என்பதற்கு அளவுகோல். உலகக் காலநிலை மாதிரிகள் நூறு கிலோமீட்டர் அளவிலான கட்டங்களில் கணக்கிடுபவை. ஒரே கட்டத்துக்குள் மெரினாவும் காஞ்சிபுரமும் அடங்கிவிடும், கடற்காற்று அதில் தெரியாது. அந்த வெளியீட்டைச் சில கிலோமீட்டர் அளவுக்கு இறக்கி, உள்ளூர் நிலையங்களின் இரவு அளவுகளோடு சரிபார்த்த பிறகே எந்த வட்டத்தில் எத்தனை கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்ற கேள்விக்குள் அதைக் கொண்டுபோக முடியும்.